முலாம் தொட்டிக்கு எந்தத் தங்க உப்பு?

திருநெல்வேலி டவுனில் கவரிங் நகைக்கு மெருகு போடும் சிறு பட்டறைக்காரர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "அண்ணாச்சி, எந்த உப்பு மலிவு?" அதுவரை கூலிக்கு வெளியே கொடுத்து முலாம் போட்டு வாங்கியவர், சொந்தமாக ஒரு தொட்டி வைத்துக்கொள்ள நினைக்கும்போது இதைக் கேட்பார். எதுவும் மலிவில்லை என்பதுதான் பதில். தங்க உப்பு என்று விற்பதெல்லாம் உள்ளே இருக்கும் தங்கத்தின் எடைக்கே விலை போகிறது. அன்றைய தங்க விலைக்கு மேல் தயாரிப்புக் கூலியாக ஒரு தொகை ஏறும், அவ்வளவுதான். தங்கம் எந்த உப்பில் வந்தாலும் தங்கமே. அதோடு ஒட்டிக்கொண்டு பட்டறைக்குள் நுழைவது எது என்று பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். ஓர் உப்பில் அது சயனைடு, இன்னொன்றில் சல்ஃபைட், மூன்றாவதில் குளோரின்.

உலகம் முழுக்க முலாம் தொழில் நம்பியிருப்பது முதல் உப்பை: பொட்டாசியம் தங்க சயனைடு. கடையில் "கோல்ட் சால்ட்" என்று மட்டும் கேட்டால் எடுத்துக் கொடுப்பது இதைத்தான். பொடித்த சீனியைப் போல வெள்ளையாக இருக்கும். மஞ்சள் நிறத்தின் சாயல்கூட இருக்காது. கணக்குப்படி இதன் எடையில் 68.4 சதவீதம் தங்கம். நல்ல தயாரிப்பாளரின் சீட்டில் 68.2 அல்லது 68.3 என்று அச்சிட்டிருக்கும். 100 கிராம் புட்டி வாங்கினால் 68 கிராமுக்குச் சற்று மேல் தங்கம், அதாவது எட்டரைப் பவுன் கைக்கு வருகிறது. தண்ணீரில் எளிதாகக் கரையும். மூடி சரியாக இருந்தால் அலமாரியில் வருடக்கணக்கில் கெடாது. இங்கிலாந்தின் பர்மிங்காமில் எல்கிங்டன் குடும்பத்தார் 1840இல் சயனைடுக் கரைசல் வழியாக மின்முலாம் பூசும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார்கள். அன்றிலிருந்து இதை அசைக்க எந்த உப்பாலும் முடியவில்லை.

காரணம், சயனைடு தங்கத்தைப் பிடித்துக்கொள்ளும் பிடி. அந்தப் பிடி அவ்வளவு இறுக்கமாக இருப்பதால், பித்தளைச் சங்கிலியைக் கரைசலில் இறக்கியவுடன் தங்கம் தானாக அதன்மேல் பாய்ந்து உதிரிப் படலமாக உட்காருவதில்லை. ரெக்டிஃபையரிலிருந்து, அதாவது மின்சாரத்தை ஒரே திசையில் ஓடவைக்கும் பெட்டியிலிருந்து, வரும் மின்சாரம் இழுக்கும் அளவுக்கு மட்டும் படிகிறது. சங்கிலியின் கண்ணிக்குள் கொஞ்சம் அழுக்கு தங்கியிருந்தாலும், தொட்டியில் சிறிது செம்பு கரைந்து கலந்திருந்தாலும் இந்தக் கரைசல் பொறுத்துக்கொள்ளும். இங்கே கல்யாண வீட்டுக் கவரிங்குக்குச் செம்மை கலந்த மஞ்சள்தான் வேண்டும். தூய தங்கத்தின் எலுமிச்சை மஞ்சளைக் காட்டினால் "சோகை பிடித்த மாதிரி இருக்கிறது" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். கரைசலில் அளவாகச் செம்பு உப்பு சேர்த்து அந்தச் செம்மையைக் கொண்டுவருவதும் சயனைடுத் தொட்டியில்தான் சுலபம்.

இனி அதன் மறுபக்கம். இந்த உப்பின் எடையில் 18 சதவீதம் சயனைடு. தங்கம் நகைமேல் படியப் படிய அந்தச் சயனைடு விடுபட்டுத் தொட்டியிலேயே தங்கிவிடும்: 1 கிராம் தங்கம் படிந்தால் 0.26 கிராம் சயனைடு. பழைய பாணிச் சூடான காரத் தொட்டியில் இதற்கு மேல் தனிச் சயனைடும், அதாவது தங்கத்தோடு பிணையாத சயனைடும், வேண்டுமென்றே சேர்ப்பார்கள். ஒரு சிட்டிகை பொட்டாசியம் சயனைடு, 200 முதல் 300 மில்லிகிராம், ஓர் ஆளைக் கொன்றுவிடப் போதும். அமிலம் பட்டால் அது ஹைட்ரஜன் சயனைடாகக் கிளம்பும். அந்தப் பொருள் 26 டிகிரியில் கொதிக்கும் திரவம். நம் ஊர் வெப்பத்தில் வாயு என்றே வைத்துக்கொள்ளலாம். கசப்பு வாதுமை வாசனை வரும் என்று புத்தகங்கள் சொல்கின்றன. ஆனால் பலரது மூக்குக்கு அந்த வாசனை பிறவியிலேயே தெரியாது. மூக்கை நம்பி வேலை செய்ய முடியாது.

சிறு பட்டறையில் விபத்து எங்கே காத்திருக்கிறது என்று கேட்டால் புட்டியைக் காட்ட மாட்டேன், கம்பியைக் காட்டுவேன். செம்புக் கம்பியில் நாலைந்து சங்கிலிகளைக் கோர்த்து, பித்தளையின் கறை போக அமிலத்தில் முக்கி எடுப்பார்கள். அலசும் வாளி அந்தப் பக்கம், தங்கத் தொட்டி இந்தப் பக்கம். முகூர்த்த நாளுக்கு முன்தினம் ஆர்டர் குவிந்திருக்கும்போது, அலசாமல் சொட்டச் சொட்ட நேராகத் தொட்டிக்குக் கொண்டுபோகும் கை இருக்கிறது. தனிச் சயனைடு கலந்த தொட்டியில் அந்த நாலு சொட்டு அமிலம் விழுவதுதான் ஆபத்து. டவுனின் சந்துகளிலிருந்து கிளம்பி, ஈரடுக்கு மேம்பாலம் ஏறி இறங்கி, பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனைக்குப் போய்ச் சேர ஆகும் நேரத்தைச் சயனைடு தராது.

எல்லாச் சயனைடுத் தொட்டியும் ஒன்றல்ல என்பதையும் சொல்லவேண்டும். விற்பவர்கள் இதை விளக்குவதே இல்லை. அதே பொட்டாசியம் தங்க சயனைடைச் சிட்ரேட் அல்லது பாஸ்பேட் கரைசலில் போட்டு, பி.எச். எனும் அமில கார அளவை 6க்கும் 8க்கும் நடுவில் வைத்து, தனிச் சயனைடு ஒரு துளியும் சேர்க்காமலே முலாம் போடலாம். கொஞ்சம் கோபால்ட் சேர்த்து 3.5க்கும் 5க்கும் நடுவில் வைத்தால் தேய்மானத்தைத் தாங்கும் கெட்டித் தங்கம் கிடைக்கும். மின்னணுச் சாதனங்களின் இணைப்பு முனைகளில் இருப்பது அதுதான். லேசான அமிலத்தைத் தாங்கும் அளவுக்குத் தங்கமும் சயனைடும் பிணைந்திருப்பதால் இது முடிகிறது. பி.எச். 3க்குக் கீழே விட்டால் அந்தப் பிணைப்பு உடையும். மஞ்சள் வண்டல் விழும். விஷ வாயுவும் வரும். நடுநிலைத் தொட்டியிலும், படியும் தங்கம் விட்டுச்செல்லும் சயனைடு மெல்ல வாயுவாக வெளியேறிக்கொண்டுதான் இருக்கும். தொட்டியின் விளிம்பிலேயே காற்றை உறிஞ்சும் விசிறி இல்லாமல் இதையும் நடத்தக் கூடாது. ஆனால் தொட்டியில் நிற்கும் மொத்த விஷத்தின் அளவு, பழைய காரத் தொட்டியோடு ஒப்பிட்டால் மிகவும் குறைவு.

இரண்டாவது, சோடியம் தங்க சல்ஃபைட். இதைப் பொடியாக வாங்குவோர் குறைவு. லிட்டருக்கு இத்தனை கிராம் தங்கம் என்று எழுதிய கரைசலாக வரும். சயனைடு கிடையாது என்பதே இதன் பெரிய தகுதி. இன்னொன்றும் உண்டு. குழியும் மேடுமான வேலைப்பாட்டில் இது சீராகப் பரவும். சுவாமி கவசத்தில் மாலையின் இதழ்களுக்கு இடையே இருக்கும் பள்ளங்களில் சயனைடுத் தொட்டி சோம்பல் காட்டும் இடத்திலும் சல்ஃபைட் ஓரளவு நிரவிவிடும். படியும் தங்கம் பளபளப்பாகவும் வளைந்துகொடுப்பதாகவும் இருக்கும்.

சல்ஃபைட்டின் குணம்தான் பிரச்சினை. தங்கத்தை அது தளர்வாகத்தான் பிடித்திருக்கிறது. பி.எச்.சை 9, 10 என்று காரத்திலேயே வைத்திருக்க வேண்டும். 7க்குக் கீழே சரிந்தால் தங்கம் உலோகத் துகளாக உதிர்ந்து, தொட்டியின் சுவரிலும் ஹீட்டரின் மேலும் பழுப்பாக அப்பிக்கொள்ளும். கந்தக டை ஆக்சைடு நெடி தொண்டையைப் பிடிக்கும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அந்த நெடி ஆகாது. காற்று பட்டாலே சல்ஃபைட் சல்ஃபேட்டாக மாறிவிடும். ஓடும் தொட்டியாக இருந்தால் தினமும் சோதித்து ஈடுகட்டலாம். நம் பட்டறைகள் ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லாமல் தூங்குகின்றன. மாதக்கணக்கில் மூடிவைத்த சல்ஃபைட் தொட்டியைத் தையில் திறந்தால் அடியில் பழுப்புப் படிவு காத்திருக்கலாம். தங்கம் எங்கேயும் போய்விடாது, வடிகட்டி உருக்கி எடுத்துக்கொள்ளலாம். ஆனால் கரைசலுக்காகக் கொடுத்த கூலி போனது போனதுதான். சயனைடுக் கரைசலை அப்படி ஒரு பருவம் மூடிவைத்துத் திறந்தாலும் பெரும்பாலும் வேலை செய்யும்.

பணம் முடங்குவதும் இங்கே வேறுபடுகிறது. வண்ணத்துக்காக மெல்லிய பூச்சு போடும் சயனைடுத் தொட்டியில் லிட்டருக்கு 1 முதல் 4 கிராம் தங்கம் போதும். 5 லிட்டர் தொட்டியை 2 கிராம் கணக்கில் வைத்தால் 10 கிராம், ஒன்றேகால் பவுன். தடித்த முலாமுக்கான சல்ஃபைட் கரைசல் 8 முதல் 12 கிராம் கேட்கும். அதே 5 லிட்டருக்கு 10 கிராம் கணக்கில் 50 கிராம், ஆறேகால் பவுன். இது நகையில் ஏறும் தங்கம் அல்ல. தொட்டியில் எப்போதும் நிற்கவேண்டிய தங்கம். வட்டிக்குக் கடன் வாங்கித் தொழில் தொடங்குகிறவர் இந்த எண்ணை எழுதிப் பார்க்காமல் சல்ஃபைட்டுக்குப் போகக் கூடாது. மெல்லிய பூச்சுக்கென்று தங்கம் குறைத்த சல்ஃபைட் கரைசல்களும் உண்டு. அவற்றில் நேரமும் கவனமும் கூடுதலாகச் செலவாகும்.

நகையில் ஏறும் தங்கத்தின் கணக்கு எந்த உப்புக்கும் ஒன்றே. தங்கத்தின் அடர்த்தி 19.3. ஒரு சதுர சென்டிமீட்டரில் 1 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமன் ஏற 1.93 மில்லிகிராம் வேண்டும். மேற்பரப்பு 100 சதுர சென்டிமீட்டர் வரும் ஓர் ஆரத்துக்கு 1 மைக்ரான் என்றால் 193 மில்லிகிராம்; பண்டிகைக்குப் போட்டுக் கழற்றிவைக்கும் கவரிங்குக்கு 0.2 மைக்ரான் என்றால் 39 மில்லிகிராமுக்குள் முடிந்துவிடும். ஒரு சதுர மீட்டர் வரும் கவசத்துக்கு 5 மைக்ரான் போடச் சொன்னால் 96.5 கிராம், பன்னிரண்டு பவுன். கோயில் வேலைக்கு விலை சொல்லும்போது பலர் தவறுவது இந்த இடத்தில்தான். பரப்பை அளக்காமல் கவசத்தின் எடையை வைத்து மதிப்பிட்டால் புடைப்பும் மடிப்பும் கணக்கில் வராமல் போய்விடும்.

மூன்றாவது, தங்கக் குளோரைடு. ராஜதிராவகத்தில் (நைட்ரிக், ஹைட்ரோகுளோரிக் அமிலங்களின் கலவை) தங்கத்தைக் கரைத்து ஆவியாக்கினால் கிடைக்கும் மஞ்சள் படிகம். கடையில் விற்பது பெரும்பாலும் குளோரோ ஆரிக் அமிலம். நீரோடு சேர்ந்த படிகத்தின் எடையில் சரிபாதி, 50 சதவீதம் தங்கம். பார்க்கத் தங்கம் போலவே இருப்பதால் ஆசை காட்டும். சயனைடு இல்லாததால் அந்தப் பயமும் இல்லை. ஐப்பசி மழையில் மூடியைத் திறந்து வைத்தால் காற்றின் ஈரத்தை இழுத்துக் கூழாகிவிடும். வெளிச்சமும் ஆகாது. விரலில் பட்டால் முதலில் ஒன்றும் தெரியாது. மறுநாள் நாவல் பழக் கறை போன்ற ஊதா நிறம் எழும். சோப்புக்கு அது போகாது, தோல் உரிந்துதான் போகும்.

முலாம் போட இந்த உப்பு வேண்டாம் என்பேன். பித்தளையை இந்த அமிலக் கரைசலில் இறக்கினால் ரெக்டிஃபையரைப் போடுவதற்கு முன்பே தங்கம் செம்பைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்காரும். கட்டைவிரலால் தேய்த்தால் அந்தப் பழுப்புப் படலம் கையோடு வந்துவிடும். மின்சாரக் கணக்கிலும் நட்டம். சயனைடிலும் சல்ஃபைட்டிலும் தங்கம் ஒற்றை மின்னூட்டத்தோடு இருப்பதால், ஓர் ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் அதிகபட்சம் 7.35 கிராம் படியும். குளோரைடில் மூன்று மின்னூட்டம், ஆகவே அதே ஓட்டத்துக்கு 2.45 கிராம். தங்கக் குளோரைடை மஞ்சள் பெர்ரோசயனைடோடும் சோடாவோடும் கொதிக்கவைத்து முலாம் போடும் பழைய முறை ஒன்று உண்டு. சயனைடைத் தொடாமல் தப்பித்துவிட்டதாக நினைத்து அதைச் செய்கிறவர்கள் கவனிக்கவேண்டியது: கொதித்து முடியும்போது அந்தப் பாத்திரத்தில் உருவாகியிருப்பதும் தங்க சயனைடுதான்.

தங்கக் குளோரைடுக்கு உரிய இடம் ஆய்வகம். ஃபாரடே 1857இல் தங்கத்தின் சிவப்புக் கூழ்மத்தை ஆராய்ந்ததும், 1951இல் டர்கெவிச் குழுவினர் சிட்ரேட்டோடு கொதிக்கவைத்துத் தங்க நுண்துகள் செய்ததும் இந்த வகை உப்பிலிருந்துதான். அபிஷேகப்பட்டியில் இருக்கும் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலோ பாளையங்கோட்டைக் கல்லூரிகளிலோ அந்தச் சோதனையைச் செய்ய விரும்பும் மாணவருக்கு வேறு உப்பு தேடவேண்டியதில்லை. 1 கிராம் புட்டி அவருக்கு நெடுநாள் வரும். பழைய கறுப்பு வெள்ளைப் புகைப்படங்களைத் தங்கத்தில் நனைத்து நிறம் மாற்றிய ஸ்டூடியோக்களும் இதையேதான் பயன்படுத்தின.

இடையில் ஒன்று. பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கும் மாவட்டம் இது. தங்க பஸ்பம் பற்றிய பேச்சு எல்லா வீட்டிலும் உண்டு. தங்க உப்பு என்ற பெயரைக் கேட்டு "உடம்புக்கு நல்லதா?" என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். தங்க சயனைடு காசநோய்க் கிருமியின் வளர்ச்சியைச் சோதனைக் குழாயில் தடுக்கிறது என்று ராபர்ட் கோக் 1890இல் சொன்னது உண்மை. 1929இல் ஃபோரெஸ்டியர் தங்கச் சேர்மங்களை மூட்டுவாதத்துக்கு ஊசியாகப் போட்டதும் உண்மை. அப்படி ஊசியாகப் போனவை வேறு சேர்மங்கள், மருத்துவரின் கண்காணிப்பில் மில்லிகிராம் கணக்கில் போட்டவை. முலாம் கடைப் புட்டியில் இருப்பது விஷம். அடுப்படி இருக்கும் வீட்டில் அது இருக்கவே கூடாது.

அலசுத் தண்ணீருக்கு வருகிறேன். முடிவைத் தீர்மானிப்பதே இதுதான் என்பது என் கட்சி. தொட்டியிலிருந்து நகையை எடுக்கும்போது கரைசலும் ஒட்டிக்கொண்டு வரும். முதல் வாளியை ஓடும் தண்ணீராக வைக்காமல் நிற்கும் தண்ணீராக வைத்தால் தங்கம் அதில் சேரும். சூட்டில் ஆவியாகிக் குறையும் தொட்டிக்கு அந்தத் தண்ணீரையே ஊற்றி நிரப்பலாம். இதைச் செய்யாத பட்டறைகள் தங்கத்தைச் சாக்கடைக்குக் கூலி கொடுத்து அனுப்புகின்றன. நகைத் தெருக்களின் சாக்கடை மண்ணை அள்ளி அலசிப் பிழைக்கிறவர்கள் அதனால்தான் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். சயனைடு கலந்த கழிவை, காரம் கூட்டி பி.எச். 10க்கு மேல் வைத்து, ஹைப்போகுளோரைட் கொடுத்துச் சிதைக்க வேண்டும். காரம் கூட்டாமல் பிளீச்சிங் பவுடரைக் கொட்டினால் சயனோஜன் குளோரைடு என்ற இன்னொரு நச்சு வாயு கிளம்பும். அமிலக் கழிவும் சயனைடுக் கழிவும் ஒரே குழாயில் சேரவே கூடாது. சல்ஃபைட் கழிவுக்கு இத்தனை பாடு இல்லை. டவுனிலிருந்து எது வடிந்தாலும் கடைசியில் தாமிரபரணியைத் தேடித்தான் போகும். அதற்குக் கீழே ஸ்ரீவைகுண்டம் வரை குடிப்பவர்களும் பாய்ச்சுகிறவர்களும் இருக்கிறார்கள்.

தொட்டியில் ஊற்றும் தண்ணீரிலும் கவனம் வேண்டும். திசையன்விளை, ராதாபுரம் பக்கத்து ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர் எந்தத் தங்கக் கரைசலுக்கும் ஆகாது. வாலைவடி நீரோ அயனி நீக்கிய நீரோதான் வேண்டும்.

இனி யார் எதை வாங்குவது? வீட்டின் பின்கட்டில் பட்டறை, பிள்ளைகள் ஓடியாடும் முற்றம், ஒரே சாக்கடை என்றால் எந்த உப்பும் வேண்டாம். பழையபடி கூலிக்கே கொடுங்கள். கூலியில் மிச்சம் பிடிக்க நினைக்கும் தொகை, விசிறிக்கும் கழிவுத் தொட்டிக்கும் போதாது. பேட்டை தொழிற்பேட்டை போன்ற இடத்தில் தனிக் கொட்டகை, தனி வடிகால், படித்த ஓர் ஆள் இருந்தால், கவரிங் வேலைக்குப் பொட்டாசியம் தங்க சயனைடு. அதுவும் தனிச் சயனைடு சேர்க்காத நடுநிலைத் தொட்டியாக. அதில் செம்மை நிறம் கொண்டுவரச் சற்று மெனக்கெட வேண்டும். மெனக்கெடலாம், பழைய காரத் தொட்டியின் சுலபத்துக்காக இரண்டு கிலோ சயனைடைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தூங்குவதைவிட அது மேல். கோயில் கவசமும் வெள்ளிப் பாத்திரமும் முதன்மை வேலையாக இருந்து, தொட்டி வருடம் முழுக்க ஓடி, ஆறேழு பவுனை முடக்கும் வசதியும் இருந்தால் சல்ஃபைட். இதற்குப் பிளாட்டினம் பூசிய டைட்டானியம் வலையை நேர்முனையாக வாங்கிவிடுங்கள். காரச் சயனைடுத் தொட்டிக்குப் போதுமான எவர்சில்வர் தகட்டை இங்கே தொங்கவிட வேண்டாம்.

எந்த உப்பானாலும் அடியில் நிக்கல் பூச்சு இல்லாமல் பித்தளைமேல் நேராகத் தங்கம் போட்டால், செம்பு மெல்ல ஊடுருவி மேலே வந்து நகை கறுக்கும். நிக்கல் சிலருக்குத் தோலில் அரிப்பைத் தரும் என்பதால், தோடு, மூக்குத்தி போன்றவற்றில் தங்கப் பூச்சைச் சற்றுத் தடிப்பாகவே போடவேண்டும்.

வாங்கும்போது பகுப்பாய்வுச் சான்று கேளுங்கள். சதவீதமும் தயாரிப்புத் தொகுதி எண்ணும் புட்டியின் சீட்டோடு ஒத்துப்போகவேண்டும். வெள்ளைப் பொடியில் மலிவான பொட்டாசியம் உப்பைக் கலந்தால் கண்ணுக்குத் தெரியாது. முதல் புட்டியிலிருந்து ஒரு கிராமை ஆய்வகத்துக்குக் கொடுத்துப் பார்ப்பது வீண் செலவல்ல. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மின்முலாம் தொழிலைச் சிவப்பு வகையில், அதாவது அதிகம் மாசுபடுத்தும் தொழில்களின் பட்டியலில், வைத்திருக்கிறது. அதன் இசைவும், 1919ஆம் ஆண்டு விஷப் பொருள்கள் சட்டத்தின் கீழ் தேவைப்படும் அனுமதியும் முதலில். தொட்டி வாங்குவது அப்புறம். புட்டியை அமிலம் இல்லாத தனி அலமாரியில், பூட்டில், இடுப்புக்கு மேலான உயரத்தில் வையுங்கள். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, திருநெல்வேலி ஜங்ஷன் பகுதிக் கடைகளுக்குள் வெள்ளம் புகுந்தபோது, தரையோடு வைத்திருந்த சரக்குதான் முதலில் நனைந்தது. கொட்டகைக்கு இடம் பார்க்கும்போதே அந்த வருடம் தண்ணீர் எதுவரை வந்தது என்று அக்கம்பக்கத்தில் கேட்டுவிடுங்கள்.